ஒரே தேதியில் நாற்பத்து மூன்று பேர்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "சாஃப்ட்வேர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். விவரமாகச் சொன்னால் மரியாதை போய்விடும். நீளமான பட்டியலைப் பத்துப் பத்தாக நறுக்கி, கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, மேலே தேடுவதற்கு ஒரு பெட்டியும், வரிசையைத் திருப்பிப் போட ஒரு சின்ன முக்கோணமும் வைப்பேன். இருபத்தைந்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டுகிறவர்கள் இதே வேலையை வெயிலில் உட்கார்ந்து செய்கிறார்கள். அவர்களுக்கு யாரும் லேப்டாப் கொடுப்பதில்லை.

போன வருஷம் தை மாதம் என் மச்சான், மனைவியின் தம்பி, செலியமேட்டிலிருந்து வில்லியனூருக்கு என் வீடு தேடி வந்தான். அங்கே விவசாயிகள் குழுவுக்கு அவன்தான் செயலாளர். சேலத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெல்ட் மெஷினை, அதாவது ஈர நிலத்திலும் இறங்கி நெல் அறுக்கும் வண்டியை, டிரைவரோடு பேசி வரவழைத்திருந்தார்கள். யாருக்கு முதலில் என்று வருஷாவருஷம் வரப்பில் சண்டை.

"ஒரு பேஜ் போட்டுக் குடு மாமா. மொதல்ல பேர் பதிஞ்சவனுக்கு மொதல்ல மிஷினு. அவ்ளோதான்" என்றான்.

நான் வங்கிகளுக்கு எழுதியவன். நாற்பது சொச்சம் விவசாயிகளுக்கு ஒரு பட்டியலா என்று உள்ளுக்குள் இளித்துக்கொண்டே, ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் எழுதி முடித்தேன். பதிவு பத்து நாள் திறந்திருக்கும். பதிந்த தேதிப்படி வரிசை. பக்கத்துக்குப் பத்துப் பேர். மணி, நிமிஷமெல்லாம் குறித்துவைக்கவில்லை. பத்து நாளில் பரவலாக வருவார்கள், தேதி போதும் என்பது என் ஞானம்.

முதல் நாள் ஒருவரும் பதியவில்லை. இரண்டாம் நாளும் ஈ காக்கை இல்லை. "இவங்களுக்கு எதுக்கு ஆன்லைன்?" என்று மனைவியிடம் சலித்துக்கொண்டேன்.

"நேத்து அஷ்டமி, இன்னைக்கு நவமி. எவன் பேர் எழுதுவான்?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் தசமி. காலையில் நல்ல நேரம் முடிவதற்குள் நாற்பத்து மூன்று பேரும் பதிந்துவிட்டார்கள். மிச்ச ஏழு நாளும் பக்கம் சும்மா கிடந்தது. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை பேருக்கும் ஒரே தேதி விழுந்திருக்கிறது, தேதிப்படி வரிசை என்பதற்கு இனி அர்த்தமே இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மெஷின் இறங்கிய மூன்றாம் நாள் போன் வந்தது. மச்சான் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. புருஷன் இல்லாதவர்; ஒரு காணியில் பொன்னி நட்டு ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர்.

"தம்பி, உன் லிஸ்டுல நான் இல்லியாமே? டிரைவரு மூணாம் பக்கத்துக்கு வந்துட்டான், என் பேரக் காணோன்றான். கதிரு முத்திப் போயி சாயுது. நாளைக்கு மழைன்னு டிவில சொல்றான். இன்னா பண்ணட்டும்?"

"மேல பொட்டி ஒண்ணு இருக்கும் பாருங்கக்கா. அதுல உங்க போன் நம்பரப் போட்டுத் தேடுங்க."

"தேடினேம்பா. முடிவுகள் இல்லைன்னு வருது."

"நம்பர் சரியாப் போட்டீங்களா?"

"என் நம்பரு எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றுதான் நினைத்தேன். என் லேப்டாப்பில் திறந்தேன். மூன்றாம் பக்கம், ஏழாவது வரியில் அக்கா பத்திரமாக இருந்தார். படம் எடுத்து டிரைவருக்கு அனுப்பினேன். "என்ற போன்ல அந்த எடத்துல வேற ஆளுங்க சார்" என்று பதில் வந்தது. போனை அணைத்துப் போடுங்கள் என்றேன். எங்கள் தொழிலின் மருத்துவம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மச்சான்.

"மாமா, மேலத்தெரு பெரியவரு ரெண்டாம் பக்கத்துலயும் கீறாரு, மூணாம் பக்கத்துலயும் கீறாரு. நேத்து அறுத்த ஆளுக்கே இன்னைக்கும் போன் பண்ணி, மிஷினு எங்க வரணும்னு கேட்டுக்கிறான் டிரைவரு. 'இன்னா, அறுத்த தாளுக்கு முடி வெட்டப் போறியா'ன்னாராம். ஊரே சிரிக்குது. நீ கெளம்பி வா."

ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது தெற்கே வானம் கறுத்திருந்தது. மெஷின் யாரோ ஒருவர் நிலத்தின் நடுவில் இருந்தது. டிரைவர் போனை நீட்டினார். மூன்றாம் பக்கம் திறந்தேன், அக்கா இல்லை. இரண்டுக்குப் போய்த் திரும்ப மூன்றுக்கு வந்தேன். அக்கா இருந்தார், இன்னொருவர் காணாமல் போயிருந்தார். அப்போதுதான் உறைத்தது. எல்லாருக்கும் ஒரே தேதி என்றால் யார் முன், யார் பின் என்று தரவுத்தளத்துக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் தன் இஷ்டத்துக்கு அடுக்கி, அதிலிருந்து பத்தை வெட்டித் தந்திருக்கிறது. ஒருவர் இரண்டு பக்கத்திலும் வருவார், இன்னொருவர் எதிலும் வரமாட்டார். தேடும் பெட்டியோ கண்ணுக்கு முன்னால் இருக்கும் பத்துப் பேருக்குள் மட்டும் தேடிவிட்டு, ஊரில் அப்படி ஆளே இல்லை என்று அறிவித்திருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

தேதி ஒன்றாக இருந்தால், பதியப் பதிய வரிசையாக விழும் பதிவு எண்ணைப் பார் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வரப்பில் உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் சேர்த்தேன். பக்கம் அசையாமல் நின்றது. அக்கா ஒன்பதாவது. முதல் நாளே அறுத்திருக்க வேண்டியவர்.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தினி பேருப்பா?"

"நாப்பத்து மூணு."

"நாப்பத்து மூணு பேர மேலேர்ந்து கீழ ஒரே நீட்டா போட்டா இன்னா? எதுக்கு அஞ்சு பக்கமா வெட்டி வெச்சுக்கிற?"

இத்தனை வருஷத்தில் எந்த மேனேஜரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

"வழக்கம்க்கா" என்றேன்.

"நல்ல நாள் பாக்கறது எங்க வழக்கம். அதுக்கு எங்கள திட்டினியாமே."

மனைவி தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்.

இறங்கிய நிலத்தை முடிக்காமல் மெஷின் வெளியே வராது. அக்காவின் காணிக்குள் அது நுழைந்தபோது மணி மூன்று தாண்டிவிட்டது. என் கையில் தார்ப்பாயின் ஒரு முனையைக் கொடுத்து, நெல் கொட்டும் இடத்தில் நிற்கவைத்தார் அக்கா. முக்கால் காணி முடிந்தபோது மழை இறங்கியது. சாரல் என்று நினைத்தோம், கொட்டித் தீர்த்தது. டிரைவர் விளக்கைப் போட்டு இன்னும் இரண்டு சுற்று முயன்றார். சாய்ந்த கதிர் கத்திக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. "இனிமே ஆவாதுங்க" என்று இறங்கிவிட்டார்.

மிச்சம் கால் காணி தண்ணீரில் படுத்துவிட்டது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டவில்லை. "தார்ப்பாய இழுத்துப் பிடிப்பா, நெல்லு நனையுது" என்றார்.

அந்தக் கால் காணியை நெல் முளைவிடுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று, மறுநாளிலிருந்து முட்டியளவு சேற்றில் நின்று, இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அரிவாளால் அறுத்திருக்கிறார். நான்கு நாள் ஆனதாம். நான் போகவில்லை. பெரிய பட்டியல்களைப் பக்கம் பிரிப்பது எப்படி என்று ஒரு கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பெடுக்க வேண்டியிருந்தது. நன்றாக எடுத்தேன் என்றார்கள்.