ஊசியக்காவின் அளவுத் தாள்

வண்டியின் முன்பக்கத்தைக் காட்டினால் அது யாருடையது என்று ஊசியக்காவுக்குத் தெரியாது. சீட்டைக் காட்டினால் ஓட்டுகிற ஆளின் சரித்திரத்தையே சொல்லிவிடுவாள். இடது பக்கம் அமுங்கியிருந்தால் பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸ். முன் ஓரம் தேய்ந்திருந்தால் பெடலுக்கு எட்டாத குள்ள மனிதர். நடுவில் கிழிந்திருந்தால் கோபக்காரன், ஏறும்போதே தொப்பென்று விழுகிறவன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள் என்றாலும் எனக்கும் அவள் அக்காதான். மெக்கானிக் கடைகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறாள். கையில் இருக்கும் ஊசியைவிட வாயில் இருப்பது கூர் என்பதால் அந்தப் பெயர்.

அவளை நான் தேடிப் போனது என் மகளுக்காக.

என் மகள் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கம்பெனியில் இஸ்திரி போட்டாள். காலையில் கம்பெனிக்காக ஓடும் வேனில் போவாள். ஒரு நாள் அந்த வேன், ஓரமாக நின்ற லாரியின் முதுகில் போய் மோதியது. டிரைவர் முந்தின நாளும் ஓட்டி, தூங்காமல் அன்றும் ஓட்டியவன். அவன் பெல்ட் போட்டிருந்தான், பிழைத்தான். பின்னால் இருந்தவர்களுக்குக் கை கால் போயிற்று. என் மகளுக்கு உயிரே போயிற்று.

நானும் பேத்தியும் வழக்குப் போட்டோம். வேன் முதலாளியின் வக்கீல் எழுந்து நின்று, வண்டியில் எல்லா சீட்டுக்கும் பெல்ட் இருந்தது, வாங்கின ரசீதிலேயே இருக்கிறது, அந்தப் பெண் போடவில்லை, ஆகவே அவள் சாவுக்குப் பாதிப் பொறுப்பு அவளுடையதுதான் என்றார். நொறுங்கிய வேனோ இரும்புக் கடைக்குப் போய் உருகியே முடிந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் என் மகள். பெல்ட் இருந்து போடாமல் இருப்பாளா? பாதிப் பழி என்ன, கால் பழிகூட அவள்மேல் விழ நான் விடமாட்டேன் என்று அங்கேயே எழுந்து சொன்னேன். நீதிபதியம்மா என்னை உட்காரச் சொன்னார். வாய் வார்த்தை போதாது, ஆதாரம் வேண்டும் என்று எங்கள் வக்கீலம்மா என் காதில் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. விபத்துக்கு ஆறு மாதம் முன்பு மகள் சொல்லியிருந்தாள்: புது கவர் போட்டிருக்கிறார்கள், சிவப்பு ரெக்சின், ஒரே வழுக்கல், மூன்று பேர் சீட்டில் இப்போது நாலு பேர். கவர் தைத்த கை ஒன்று இருக்க வேண்டுமே! கடை கடையாக ஏறி இறங்கினேன். நாலாவது கடை ஊசியக்காவுடையது.

அவள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்கு எதுவும் தெரியாது, வேலை கிடக்கிறது என்று மிஷினை ஓட்டினாள். ஆனால் நான் வேன் என்றதும் அவள் கால் மிதியில் ஒரு கணம் நின்றதைப் பார்த்துவிட்டேன். அங்கே கிடந்த பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவளே டீ வாங்கி வந்து என் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"ஏம்மா, உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?"

"இருக்கு. அங்க மகதான் இல்ல."

மிஷினை நிறுத்தினாள். கூரையைப் பார்த்தாள். அங்கே கொக்கி கொக்கியாகத் தாள்கள் தொங்கின. ஒவ்வொரு வண்டி சீட்டுக்கும் முதலில் காக்கித் தாளில் அளவு வெட்டி, அதை வைத்துத்தான் ரெக்சினை வெட்டுவாள். பிறகு தாளைத் தூக்கிப் போட மாட்டாள். வண்டி நம்பரை எழுதி, அந்த ரெக்சினிலேயே ஒரு துண்டைக் குத்தி மாட்டிவிடுவாள். மறுபடி கிழிந்து வந்தால் அளவெடுக்கிற வேலை மிச்சம். கம்பை விட்டு ஒரு தாளை இறக்கினாள். சிவப்புத் துண்டு. இரண்டு நம்பர். முதலாளியின் இரண்டு வேனுக்கும் ஒரே தாள்.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தத் தாளைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை. பெல்ட் பூட்டு வெளியே வருவதற்கு சீட் கவரில் கீறல் இருக்க வேண்டும். தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

"பூட்டு குத்துது, நாலு பேரு உக்கார முடியல, மூடித் தச்சிருன்னு சொன்னாரு," என்றாள். "தப்புன்னு தெரிஞ்சுதான் தச்சேன்மா." சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்ட ஆரம்பித்தாள். அந்த வாய்க்கும் அடைப்பு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

நான் அவளைத் தேற்றவில்லை, திட்டவுமில்லை. கோர்ட்டுக்கு வருவாயா என்று மட்டும் கேட்டேன். வந்தால் இந்த ஊர் வேன்காரர்கள் ஒருவரும் என் படி ஏற மாட்டார்கள் என்றாள். ஏற மாட்டார்கள்தான் என்றேன். டீயைக் குடிக்கச் சொன்னாள்.

வந்தாள். இருக்கிறதில் நல்ல சேலை, கக்கத்தில் சுருட்டிய தாள். கூண்டில் ஏறி அதை விரித்தபோது நீதிபதியின் மேசை முழுக்க மூடி இரண்டு பக்கமும் தொங்கியது. குமாஸ்தா மைக்கூட்டைக் காப்பாற்ற ஓடினார். பக்கத்திலிருந்த பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளியின் வக்கீல் சிரித்தார். இது நேற்று வெட்டின தாளாகக்கூட இருக்கலாமே என்றார்.

"இருக்கலாம் சார்," என்றாள் ஊசியக்கா. "ஆனா இவரோட இன்னொரு வேன் கீழ நிக்குது. அதுலதான் வந்திருக்காரு. கோர்ட்டுப் படி ஏறும்போதே பாத்தேன், என் தையல்தான். பிரிச்சுப் பாத்துருவோம்."

முதலாளி முகம் வெளுத்ததை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவர் வக்கீல் ஆட்சேபணை ஆட்சேபணை என்றார். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, போய்ப் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார். கோர்ட்டே படியிறங்கியது. அடுத்த வழக்குக்குக் காத்திருந்தவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

ஊசியக்கா வேனுக்குள் ஏறி, பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். அவசரப்படவே இல்லை. எனக்கோ கையை விட்டுக் கிழித்துவிடலாம் போல இருந்தது. ரெக்சினை உரித்தாள். உள்ளே மூன்று பெல்ட், மூன்று பூட்டு, கடையில் வாங்கியபடி பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் படுத்துக் கிடந்தன. கூட்டத்தில் யாரோ அடப்பாவி என்றார்கள். நீதிபதியம்மா ஒரு பெல்ட்டை இழுத்துப் பூட்டில் செருகினார். டக். அந்தச் சத்தம் என் மகள் காதில் விழுந்திருக்க வேண்டியது.

மேலே போனதும் முதலாளியின் வக்கீல் கடைசியாக ஒரு குத்து குத்தினார். அப்படியானால் நீயும்தானே குற்றவாளி என்றார்.

"ஆமா," என்றாள். "எழுதிக்கங்க. அந்தப் பொண்ணுமேல எழுதினத அழிச்சிட்டு என் பேர எழுதிக்கங்க."

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. தூக்கமில்லாதவனை ஓட்டவிட்டதும் பெல்ட்டை மூடியதும் முதலாளியின் அலட்சியம், இறந்த பெண்மேல் எந்தத் தவறும் இல்லை என்று நீதிபதியம்மா படித்தார். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். படித்தார்.

ஊசியக்கா சொன்ன மாதிரியே வேன்காரர்கள் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்; அவள் தையல் வேறு யாருக்கு வரும்? இப்போது கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதலில் கீறலை வெட்டிவிட்டுத்தான் மற்றதை வெட்டுகிறாள். வேண்டாம் என்கிறவரிடம் தாளைக் கையில் கொடுத்து, நீயே தைத்துக்கொள் என்கிறாள்.

என்மேல் அவளுக்கு ஒரு கோபம் மட்டும் பாக்கி. அந்த அளவுத் தாளை கோர்ட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அதே மாதிரி வேன் வந்தால் நான் மறுபடி அளவெடுக்கணுமா, உங்களால்தானே போச்சு என்று பார்க்கிற போதெல்லாம் குத்துகிறாள். ஆகவே மாதம் ஒருமுறை நான் கோர்ட்டுக்குப் போய் குமாஸ்தாவிடம் தாளைக் கேட்கிறேன். சாட்சிப் பொருளைத் தர முடியாது பாட்டி என்கிறார் அவர். அங்கே பஞ்சு மூட்டை இல்லை, பெஞ்சுதான். பரவாயில்லை, உட்கார்ந்திருக்கிறேன்.