எந்த மலை என்று கேட்கும் பூட்டு

தொலைபேசியை எடுத்ததும் எங்கள் முதலாளி ‘ஹலோ’ சொல்வதில்லை. “எந்த மலை?” என்றுதான் கேட்பார். நான் “ஏழாம் நம்பர்” என்று சொன்ன பிறகே “சொல்லு அம்மிணி” என்று பேச்சு தொடங்கும். கம்பெனியை மூடி எத்தனையோ வருடங்கள் ஆகியும் அவர் இந்த வழக்கத்தை விடவில்லை. பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் கடத்தல்காரர்கள் மாதிரி தெரிவோம். கல்யாணமான புதிதில் என் கணவரே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தக் கேள்வி உண்மையில் என் அம்மாவுடையது. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து தேவாலா பக்கம் தோட்ட வரிசை வீடான ஒரு லயத்தில் குடியேறியவர்கள் நாங்கள். எங்கள் பேச்சில் தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை. ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரிக்கும்போது இன்றைக்கு உங்களுக்கு இந்த மலை என்று கங்காணி சொல்லி அனுப்புவார். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவளின் முகம்கூடத் தெரியாது. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ “போதும், எறங்குங்க!” என்று ஒரு குரல் வரும். எங்கள் கங்காணியாக இருக்கலாம், அடுத்த மலைக் கங்காணியாக இருக்கலாம், வேலைவெட்டி இல்லாத எவனாவது விளையாடுவதாகவும் இருக்கலாம். நம்பி இறங்கினால் பாதி நாள் கூலி போய்விடும். அதனால் அம்மா இறங்க மாட்டாள். கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டு, “எந்த மலை?” என்று பனியைப் பார்த்துக் கத்துவாள். உண்மையான கங்காணி என்றால் நம்பர் திரும்பி வரும். இல்லையென்றால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அம்மா மறுபடி கொழுந்தில் கை வைப்பாள்.

நான் படித்து வேலைக்கு வந்தது குன்னூருக்குக் கீழே, முதலாளியின் குடும்பத் தேயிலை ஃபேக்டரிக்கு. தேயிலை நொடித்துப்போன காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கொழுந்து விலை கட்டாமல், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கு என்று திருப்பூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் ஃபேக்டரியிலும் மெஷின்கள் நின்றுவிட்டன. கைகட்டி உட்காராமல் அவர் கொழுந்து வாட்டும் மாடியைக் கழுவிவிட்டு அங்கே கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து வைத்தார். தேயிலைத் தரகர்களுக்கும் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கும் இணையத் தொடர்பு அமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அது நின்றுபோனால் பக்கத்தில் வந்து நின்று, “ஏனுங்க, என்னங்க ஆச்சு?” என்று அதனிடமே மரியாதையாக விசாரிப்பார். மழைநாளில் அந்த மாடியின் பலகைகளிலிருந்து பழைய கொழுந்து வாசம் எழும்பும். எனக்கு அது வீட்டு வாசமாக இருந்தது.

ஒரு சீசனில் தரகர்களின் தொடர்பு விற்பனை நடக்கும்போதே அறுந்து அறுந்து விழுந்தது. ஒயரில் குறை இல்லை. இணையத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது ஒருவன் இடையில் புகுந்து, எதிராளி சொல்வதைப் போலவே ‘பேச்சு முடிந்தது’ என்று ஒரு பொய்ச் செய்தியை அனுப்பினான். அந்தச் செய்தி வந்தால் உடனே தொடர்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பது உலகம் முழுதும் இருந்த விதி. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் மலையில் இப்படி இறங்கியிருந்தால் அடுப்பே எரிந்திருக்காது. கம்ப்யூட்டர் பேச்சில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் உண்டு; இடையில் புகுந்தவனுக்கு அது தெரியாது. செய்தி வந்தால் துண்டிக்காதே, பேச்சு எந்த நம்பரில் நிற்கிறது என்று திருப்பிக் கேள், சரியான நம்பர் வந்தால் மட்டும் துண்டி என்று புரோகிராமில் ஒரு பூட்டாக நான் எழுதி வைத்தேன். தொடர்பு அறுவது நின்றது. இது எங்கே கற்றது என்று முதலாளி கேட்டபோது அம்மாவின் கதையைச் சொன்னேன். உதாரணத்துக்குச் சொன்ன ஏழாம் நம்பர் அவருக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்து, என்னைக் கண்டுபிடிப்பாளராகப் போட்டு, இந்தப் பூட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். உரிமை கிடைத்தால் வாங்க வெளிநாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன, உங்கள் கம்பெனி நிமிர்ந்துவிடும் என்றார் வக்கீல். அந்த வாரம்தான் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். கூடலூர், ஊட்டி என்று பஸ் மாறி மாறி வந்தவளை முதலாளி நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் ஏதோ பெரிய காரியம் முடிந்த திருப்தி தெரிந்தது.

சிக்கல் பிறகு வந்தது. உலகத்தின் பல மூலைகளில் சின்ன அலுவலகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் இருந்தது. அதை நடத்துகிற குழுவுக்கு எங்கள் பூட்டு பிடித்துப்போயிற்று. ஆனால் காப்புரிமை இருக்கிற எதையும் நாங்கள் சேர்க்க மாட்டோம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, எல்லாருக்கும் இலவசம் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால் சேர்க்கிறோம் என்றார்கள். இல்லையென்றால் அத்தனை அலுவலகங்களும் திறந்தபடியே கிடக்கும். கொடுத்துவிடலாம் என்றேன். முதலாளி முடியவே முடியாது என்றார்.

“காசுக்காகன்னு நெனைக்காதே அம்மிணி. உங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்துப்போட்டேன்.”

“அம்மா என்னங்க சார் கேட்டாங்க?”

“‘எம் மகளுக்குப் பேரு போடுவீங்களாய்யா’ன்னு கேட்டாங்க. நாடு விட்டு வந்தவங்க. ஒரு காயிதத்துல பேரு ஏறறது அவங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாதா? கட்டாயம் போடறேனுங்கன்னு சொல்லிப்போட்டேன். இப்ப மாத்தச் சொல்றயே!”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. “சார், எங்க வீட்டுல பேருன்னா கூலி. முழுநாள் வேல செஞ்சா முழுப்பேரு, பாதிநாள்னா அரைப்பேரு. கம்பெனி மாசாமாசம் ஒழுங்கா சம்பளம் குடுக்குமான்னுதான் அம்மா கேட்டிருக்காங்க.”

முதலாளி வாக்கிலிருந்து விடுபட்டாலும் கம்பெனி தள்ளாடுவது தள்ளாடுவதுதானே. காப்புரிமையை விட்டால் என் வேலையும் போகும் என்று எனக்கும் தெரியும். “நீ என்ன சொல்றே?” என்றார்.

“அந்தக் கேள்விய அம்மா பக்கத்து மலைப் பொம்பளைகளுக்கும் சொல்லிக் குடுத்தாங்க சார். அவங்க ஏமாந்து எறங்கினா நமக்கு என்னன்னு அம்மா இருக்கல.”

அவர் என் கண் முன்னாலேயே வக்கீலுக்கு போன் போட்டார். “வேண்டாமுங்க, வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “கம்பெனி இருக்கற வரைக்கும் பேரு தப்பாதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடு” என்றார். அவருக்கும் அந்தச் சொல் பிடித்துவிட்டது.

அடுத்த வருடம் கம்பெனியை மூடினார். அதுவரைக்கும் யாருக்கும் ஒரு மாதச் சம்பளம் தவறவில்லை. கடைசி மாதத்துக்குக் கீழே இருந்த தேயிலை உருட்டும் மெஷினை விற்றார். எங்கள் பூட்டு அந்த மென்பொருளில் சேர்ந்தது. அதில் அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அந்த மாதிரி ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தேன் என்பதைவிடப் பெரிய பெருமை எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. அம்மா போன பிறகு, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அவர் ஒருவர்தான் மிச்சம்.

போன வாரம் முதலாளியை அழைத்தேன். இப்போதெல்லாம் மறதி அதிகமாகிவிட்டது என்று அவர் மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். அவர்தான் போனை எடுத்தார். “எந்த மலை?” என்றார்.

“ஏழாம் நம்பர் சார்.”

“நம்பர் சரிதானுங்க. ஆனா ஆருன்னு தெரியலைங்களே.”

என்னை ஒருநாளும் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. நான் யாரென்று சொல்வதற்குள் அவரே கேட்டார்: “இன்னிக்குப் பேரு உளுந்துச்சுங்களா?”

“விழுந்துச்சுங்க சார்.”

“முழுப்பேருங்களா?”

“முழுப்பேருதாங்க.”

“அப்பப் போதுமுங்க. எறங்குங்க, பனி வருது.”

குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்காமல் எப்படி இறங்குவது? “எந்த மலை?” என்றேன்.

“ஏழுங்க” என்றார்.

நம்பர் சரியாக இருந்தது. நான் போனை வைக்கவில்லை.