பென்னாகரத்துக்குப் போன பழைய மழை

சில்வியாவுக்கு இரண்டு பேச்சு. வீட்டில், மார்க்கெட்டில், ஷேர் ஆட்டோவில் பேசுவது ராயபுரத்துப் பேச்சு. இன்னொன்றை அலுவலகப் போனிலும் சனிக்கிழமைப் பதிவிலும் மட்டும்தான் வெளியே எடுப்பாள். மானாவாரி விவசாயிகளின் கைப்பேசிக்கு வானிலைச் சேதி அனுப்பும் சின்ன அலுவலகம் ஒன்றில் அவள்தான் குரல். கன்டெய்னர் லாரிகளின் ஹார்ன் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் படிப்பாள். "வணக்கம், உழவர் பெருமக்களே" என்று அவள் ஆரம்பித்தால் கணவன் சாவியோவுக்கே அடையாளம் தெரியாது.

அந்த ஆனி மாதச் சனிக்கிழமை, பென்னாகரம் பக்கத்துக்கு இனிப் பதினைந்து நாள் மழையில்லை என்றுதான் படித்தாள். நன்றாகத்தான் படித்தாள். அனுப்பும்போது கை தவறி, போன வாரத்துப் பதிவை அழுத்திவிட்டாள். மூன்று நாளைக்குப் பரவலாக மழை என்று ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. தப்பு தெரிந்தபோது மணி இரண்டு.

தப்பைத் திருத்தி மறுசேதி அனுப்புவதற்கான ரகசிய எண் மேலாளர் செல்வநாதனிடம்தான் உண்டு. அவர் மீஞ்சூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். ஐந்து மணிக்குள் வந்து அனுப்பிவிடுகிறேன், அதற்குள் உலகம் முழுகிவிடாது என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். சில்வியாவுக்குக் குப்பம்மாவைத் தெரியும். சந்தேகம் கேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்யும் பென்னாகரத்துக் கிழவி. போன வாரம் சொன்ன மழை சொன்னபடியே பெய்து, நிலம் ஈரமாக இருக்கிறதாம். வாரம் முழுக்க உட்கார்ந்து விதைக்கடலை உடைத்து வைத்திருக்கிறாளாம். இன்னொரு மழை உண்டென்று சேதி வந்தால் அன்றைக்கே ஏர் பூட்டிவிடுவேன் என்று நேற்றுத்தான் சொன்னாள். இந்த ஈரத்தை நம்பி விதைத்தால் முளை வெளியே வந்து கருகும். அடுத்த விதைக்கு எங்கே போவாள்?

சில்வியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படியில் நாலு தடவை இறங்கி ஏறினாள். பிறகு தன் கைப்பேசியிலிருந்தே குப்பம்மாவைக் கூப்பிட்டாள். பதற்றத்தில் வாயில் வந்தது வீட்டுப் பேச்சு.

"யம்மா, தப்பா பூட்ச்சும்மா. அது போன வாரத்து சேதி. மழை கெடையாது. வெதய மண்ணுல வுடாத."

"யாரு நீ? அந்தம்மா பேசுனா கோயில் மணியாட்டம் இருக்கும். நீ யாரோ கேலி பண்றதுக்குன்னே பேசுற. வேலயப் பாத்துக்கிட்டுப் போ." கிழவி போனை வைத்துவிட்டாள்.

சில்வியாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சை ஒருத்தி கேலி என்கிறாள். ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. ஜன்னலைச் சாத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு அலுவலகப் போனிலிருந்து மறுபடி குப்பம்மாவைக் கூப்பிட்டாள்.

"வணக்கம், உழவர் பெருமக்களே. முன்பு வந்த சேதி தவறானது. பதினைந்து நாட்களுக்கு மழை இல்லை. தயவுசெய்து விதைக்க வேண்டாம்."

அந்தப் பக்கம் குப்பம்மா யாரையோ கூப்பிட்டு ஏரை நிறுத்தச் சொன்னாள்.

"பாதி நெலத்துல போட்டாச்சே தாயி," என்றாள். "மிச்ச வெதயயாவது எடுத்து வெக்கிறேன். அக்கம்பக்கமும் சொல்லிர்றேன்."

அந்தப் பாதி நிலம் தன் கையால் போனது.

"இன்னொண்ணு தாயி. செத்த முந்தி ஒரு பொண்ணு இதையேதான் சொன்னா. ஏசிப்புட்டேன். உங்க ஆபீசுப் பொண்ணாத்தான் இருக்கும். அப்பவே கேட்டிருந்தா நாலு சால் வெதயாவது தப்பிச்சிருக்கும். மனசுல வச்சுக்க வேணாம்னு அவகிட்ட சொல்லிரு."

அது நான்தாம்மா என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் எந்தக் குரலை நம்புவதென்று கிழவி மறுபடி குழம்பி ஏரை ஓட்டிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"சொல்லிவிடுகிறேன் அம்மா," என்றாள், அதே கோயில் மணிக் குரலில்.