அடைத்த பிறகும் வந்த தண்ணீர்

சசிதரனிடம் ஒரு பந்தா உண்டு. எந்த வீட்டுக்குக் கீசர் பார்க்கப் போனாலும் முதலில் பையைத் திறக்க மாட்டான். குழாயைத் திறந்து, புறங்கையைத் தண்ணீரில் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு விநாடி நிற்பான். பிறகு, "தெர்மோஸ்டாட்டு போயிருச்சு" என்றோ "ஹீட்டர் காயில்ல உப்புப் படிஞ்சிருக்கு" என்றோ தீர்ப்புச் சொல்வான். பத்துக்கு ஒன்பது சரியாகவே இருக்கும். குமுளி லாட்ஜுகளில் பன்னிரண்டு வருஷம் கீசர்களைக் கழற்றி மாட்டியவன். "ஆளு கொள்ளாம்", அதாவது கெட்டிக்காரன், என்று மலையாள முதலாளிகள் வாயாலேயே பேர் வாங்கியவன். உத்தமபாளையத்தில் கடை போட்ட பிறகு அந்தப் பேர் தலைக்கேறிவிட்டது. மிச்சமிருக்கும் அந்த ஒன்று என்ன ஆகிறது என்று அவனும் யோசித்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை.

அந்த ஒன்று அனுமந்தன்பட்டியில், கஸ்தூரியம்மாள் வீட்டில் வந்து மாட்டியது.

திராட்சைத் தோட்டக்காரர் வீடு. மாடியில் இருந்த ஒரே பெரிய கீசரிலிருந்துதான் மாடிக் குளியலறை, கீழ்க் குளியலறை, அடுப்படி மூன்றுக்கும் சுடுதண்ணீர் போனது. ஐப்பசியில் மருமகள் பவானிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டத் தோதாக, சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் மாடிக் குழாயில் ஹோஸ் வைத்த கைஷவர் ஒன்றைச் சசிதரன்தான் மாட்டிக் கொடுத்தான். மாட்டியதோடு விட்டானா? யோசனையும் சொன்னான்.

"சுடுதண்ணித் திருகு, பச்சத்தண்ணித் திருகு ரெண்டையும் ஒருக்க பதமாத் தொறந்து வச்சிருங்க தங்கச்சி. பெறகு மூடவே வேணாம். பிள்ளைய ஒத்தக் கையில பிடிச்சுக்கிட்டு இந்தப் பட்டன மட்டும் அழுத்துங்க. விட்டாத் தண்ணி நின்னுரும்."

பவானிக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது. அப்படியே செய்தாள்.

ஒரு வாரத்தில் வீட்டுக்காரர் நல்லகண்ணு சத்தம் போட ஆரம்பித்தார். தோட்டத்திலிருந்து மூட்டுவலியோடு வந்து கீழே குளிக்கப் போனால் தண்ணீர் வெதுவெதுவென்று வருகிறது. சசிதரன் வந்தான், புறங்கையைக் காட்டினான், தெர்மோஸ்டாட்டை மாற்றினான். நான்கு நாளில் மறுபடியும் அதே கதை. தண்ணீரைச் சூடாக்கும் காயிலை மாற்றினான். மறுபடியும் அதே.

மூன்றாவது தடவை அவன் படியேறும்போது, வீட்டு வேலைக்கு வரும் மலையம்மாள் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தாள். வருசநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதிகம் பேசாதவள்.

"அண்ணே, மாடியில அக்கா பிள்ளையக் குளிப்பாட்ட ஆரம்பிச்ச பெறகுதான் கீழ தண்ணி ஆறுது. அந்தப் புதுக் குழாய ஒருக்க பாருங்களேன்."

"பாத்திரம் கழுவுற வேலையப் பாரு தாயி. எனக்குப் பாடம் எடுக்காத" என்று சொல்லிவிட்டு மேலே போனான்.

கீசரைத் திறந்து பார்த்தான். அதில் கோளாறு இல்லை. இருந்தால்தானே? இறங்கி வந்து அதைச் சொன்னான். கீழே கூடத்தில் நல்லகண்ணுவும், திராட்சை எடுக்க வந்த வியாபாரியும், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பவானியும் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மெஷின்ல ஒண்ணுமில்லன்னா சூடெல்லாம் எங்கப்பா போகுது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அதுவும் வியாபாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"யாரோ தொறந்து விட்டுப் புழங்குறாகம்மா. கீசர்ல உள்ளது தீந்துபோனா வெதுவெதுன்னுதான் வரும்."

பேர் சொல்லவில்லை. கண்ணை மட்டும் அடுப்படிப் பக்கம் திருப்பினான். அது போதுமாக இருந்தது. மலையம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வாசற்படியில் நின்று, "நான் எடுக்கல ஆத்தா. பச்சத்தண்ணியிலதான் கழுவுறேன்" என்றாள். மறுநாளிலிருந்து அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாரமே பவானி பிள்ளையோடு குச்சனூரில் அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது மாடிக் குழாய்களையெல்லாம் இறுக்கி மூடிவிட்டுப் போனாள். கீழே தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. "பாத்தியா, வேலக்காரி போனதும் சரியாப் போச்சு. சசி சொன்னா சொன்னதுதான்" என்று கஸ்தூரியம்மாள் தெரு முழுக்கச் சொன்னாள். சசிதரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

தை பிறந்து பவானி திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் கஸ்தூரியம்மாள் போன் போட்டாள்.

"அவதான் போயிட்டாளேப்பா. இப்ப யாரு எடுக்கிறா?"

இந்தத் தடவை அவன் புறங்கையைக் காட்டவில்லை. மாடிக்குப் போய், கழற்றுவதற்காகக் கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை அடைத்தான். ஸ்பானரை எடுக்கக் கீழே வந்தபோது, அடுப்படியில் கஸ்தூரியம்மாள் சுடுதண்ணீர்க் குழாயில் டம்ளர் அலசிக்கொண்டிருந்தாள். சசிதரன் அப்படியே நின்றுவிட்டான். கீசருக்குள் தண்ணீர் போனால்தான் அந்தக் குழாயில் தண்ணீர் வரும். வால்வை அடைத்தாயிற்று. தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது, ஜில்லென்று.

மாடிக்கு ஓடினான். கைஷவர் கொக்கியில் தொங்கியது. அதன் பட்டன் விடுபட்டு வாய் மூடியிருந்தது. ஆனால் இரண்டு திருகுகளும் அவன் சொல்லிக்கொடுத்தபடியே திறந்து கிடந்தன. வெளியே போக வழியில்லாத பச்சைத்தண்ணீர் அந்தத் திருகு வழியாகவே சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து கீழே போய்க்கொண்டிருந்தது. திருகுகளை மூடினான். கீழே தண்ணீர் நின்றது.

வால்வை அடைத்துப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. மூன்று தடவை வந்து அதைச் செய்யவில்லை. பாத்திரம் கழுவுகிறவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சொன்னாள், அதையும் கேட்கவில்லை. குளியலறையில் தனியாக நின்றவனுக்குக் காது மடல் வரை சுட்டது.

"என்னப்பா கோளாறு?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"ஒரு வால்வு ஒட்டிக்கிருச்சும்மா. சரி பண்ணிட்டேன். மேல ரெண்டு திருகையும் மூடி வைக்கச் சொல்லுங்க."

"அப்ப அவளும் எடுத்திருக்கா, வால்வும் ஒட்டியிருக்கு."

சசிதரன் தலையாட்டினான். கொடுத்த காபியையும் குடித்தான். செய்த தப்பைவிட அந்தத் தலையாட்டல்தான் பிறகு அவனை உறங்க விடவில்லை.

பத்து நாள் போனது. தோட்டத்துப் பக்கம் டீக்கடையில் நின்றபோது, திராட்சைப் பெட்டி அடுக்கும் கொட்டகையிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். "ஏ சுடுதண்ணி! இங்கன ரெண்டு பெட்டி கொண்டா." திரும்பிப் பார்த்தது மலையம்மாள். கோபப்படவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதுதான் அவள் பேர் என்று ஆகிவிட்டிருந்தது. சசிதரன் டீயைக் கீழே கொட்டினான். அன்றைக்கு மாலை அவள் வீட்டு வாசலில் போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டிச் சாவியைப் பார்த்துச் சொன்னான்.

அவள் கேட்டு முடித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேனே அண்ணே."

"சொன்ன, தாயி."

"அங்கன கூடத்துல வச்சுச் சொன்னீக. இப்ப இங்கன வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீக."

மறுநாள் காலை அந்தக் கூடத்துக்கு அவளும் வந்தாள். நல்லகண்ணு, கஸ்தூரியம்மாள், பவானி மூவரையும் அடுப்படிக் குழாய்முன் நிற்க வைத்து, சசிதரன் கீசர் வால்வை அடைத்துவிட்டு மாடித் திருகைத் திறந்தும் மூடியும் காட்டினான். பிறகு கூடத்துக்கு இறங்கி வந்தான். "நான் சொல்லிக் குடுத்தது தப்பு. பழிய இவ மேல போட்டது அதவிடப் பெரிய தப்பு. பெறகு தெரிஞ்சும் வாயத் தொறக்கல" என்றான். பவானி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கஸ்தூரியம்மாள், "சரி, போனது போச்சு. நாளையிலருந்து வா ஆத்தா" என்றாள்.

"வேலைக்கு வரல ஆத்தா. இதக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

தெருவில் சசிதரன் வண்டியை நிறுத்தி, கொட்டகை வரை கொண்டுவிடுகிறேன் என்றான்.

"வேணாண்ணே. உங்க வண்டியில ஏறிப் போனா, ரெண்டு பேரும் பேசி வச்சு நடிச்சோம்பாக" என்று நடக்க ஆரம்பித்தாள்.

அவன் சொல்லுக்கு இப்போது அவ்வளவுதான் விலை. வண்டியைக் கிளப்பாமல் நின்றான். திராட்சைப் பெட்டி ஏற்றிய லோடு வேன் ஒன்று அவளை ஒட்டி வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒருத்தி தலையை நீட்டி, "ஏ சுடுதண்ணி, வர்றியா?" என்று சிரித்தாள். மலையம்மாள் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.