வாசிக்காமல் விட்ட சுவிசேஷம்

பிரசங்கத்துக்கு வேதபகுதி தேர்ந்தெடுப்பதில் நான் சோம்பேறி. ஜெபப் புத்தகம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு சுவிசேஷப் பகுதியைக் குறித்து வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு எதற்கு மண்டையை உடைத்துக்கொள்வது என்பது என் கட்சி. தென்காசிப் பக்கத்துச் சபையில் குருவாக, ஊர் வழக்கில் ஐயராக, இருந்த ஆறு வருடமும் அப்படித்தான் ஓட்டினேன், அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு தவிர.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன வருடம் அது. எங்கள் சபையில் கணவனை இழந்த ஓர் அம்மாளின் ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போயிருந்தான். மாசியிலிருந்து கடிதம் இல்லை. இருக்கிறான் என்றும் தகவல் இல்லை, செத்தான் என்றும் தகவல் இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் பாடத்தைப் பார்க்கப் புத்தகத்தைத் திறந்தேன். நாயீன் ஊர் விதவையின் கதை. பாடையில் போகும் ஒரே மகனை ஆண்டவர் எழுப்பித் தாயிடம் கொடுக்கிறார். இதை அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? உன் மகனும் வருவான் என்றால் பொய்யாகிவிடலாம். அப்படிச் சொல்லாமல் விட்டால் கதையே அவளைக் குத்தும். குற்றாலம் வரை நடந்து போய்க் குளித்துவிட்டும் வந்தேன். சாரல் முடிந்து அருவி மெலிந்திருந்தது. என் புத்தியும் தெளியவில்லை. கடைசியில் வேதத்திலுள்ள, மேய்ப்பனைப் பற்றிய சங்கீதப் பாட்டை எடுத்துக்கொண்டேன். அது யாரையும் நோகடிக்காது.

மறுநாள் அப்பமும் ரசமும் கொடுக்கும் இராப்போஜன ஆராதனை கிடையாது; குறித்த சுவிசேஷத்தைக் கட்டாயம் வாசிக்கவேண்டியது அதில்தான். அதனால் சுவிசேஷத்தை வாசிக்காமலே சமாளித்துவிட்டேன். பிரசங்கமும் நன்றாகவே போனது. தப்பித்தோம் என்று அங்கியைக் கழற்றும்போது அவள் வந்து நின்றாள். ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்திருந்தாள்.

"ஐயரே, தந்தி எப்ப வந்துச்சு?"

"எந்தத் தந்தி?"

"இன்னைக்கு நாயீன் பாடம்லா. வருசா வருசம் வாசிப்பிய. அதைக் கேக்கணும்னு ஒரு மாசமா நாள எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். விட்டுட்டிய. எம்மவன் செய்தி ஒங்களுக்கு வந்துருக்கு."

"ஒரு செய்தியும் வரலம்மா. ஒங்க மனசு நோகுமேன்னுதான் விட்டேன்."

புத்தகத்திலிருந்து விரலை எடுத்தாள். அழவில்லை.

"செய்தி வராமலே அவன் செத்துட்டான்னு நீங்க முடிவு கட்டிட்டிய. அப்படித்தான?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சொன்னது உண்மை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளை நோகடிக்கக் கூடாது என்று நான் நினைத்ததெல்லாம் சப்பைக்கட்டு. எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

அடுத்த ஞாயிறு, முறை இல்லாவிட்டாலும், அந்தப் பகுதியை வாசித்தேன். அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. பிறகு யுத்தத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஜெபம் செய்தேன். அவன் பெயரையும் சொன்னேன். சபை முழுவதும் முழங்கால் போட்டது. அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். நானே நம்பாத ஜெபத்துக்கு அவள் எதற்கு முழங்கால் போடவேண்டும்?