அர்சுலா பூசிய சிமென்ட்

கூடத்தில் பொறியாளர் சாவந்த் ஒவ்வொரு தூணாகத் தட்டும் சத்தம் டொக், டொக் என்று வந்துகொண்டிருந்தது. நான்காவது தூணில் அது மாறியது. ஈரச் சாக்கில் குத்துவது போல ஒலித்தது. தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அர்சுலா மிஸ்கிட்டாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

மும்பை பாந்த்ராவின் பழைய கிராமத்துச் சந்தில் மிஞ்சியிருந்த ஏழு மரவீடுகளில் அவளுடையது ஒன்று. பழுது பார்க்கலாம் என்று மாநகராட்சியிலிருந்து வந்த சாவந்த் எழுதிக் கொடுத்தால் வீடு பிழைக்கும். இல்லாவிட்டால் இடிப்பு ஆணைதான்.

அந்த வீட்டுக்காக அவள் எதைத்தான் இழக்கவில்லை! கல்யாணம் செய்துகொண்டு வசாய்க்கு வந்து வாழலாம் என்று கூப்பிட்ட வலேரியனை இருபத்தாறு வயதில் அழுதுகொண்டே அனுப்பிவைத்தாள். விற்றுவிடச் சொன்ன தம்பி சிப்ரியனோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

மே மாதத்தில் அவள் வீட்டை ஒட்டி நிற்கும் சந்துச் சிலுவைக்கு மாலை சாத்தி, ஊரே அவள் வாசலில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லும். அதற்குள் எல்லாரும் வீட்டுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். அவள் வீட்டுச் சுண்ணாம்பு மட்டும் மழைக்கு மழை உதிரும். வீட்டுக்குச் சொறி பிடித்திருக்கிறது, களிம்பு தடவு என்று எதிர்வீட்டு ஹில்டா ஊர் கேட்கச் சிரித்தாள். அந்த ரோஷத்தில் அர்சுலா அம்மாவின் வளையல்களை விற்றாள். சுண்ணாம்பையெல்லாம் சுரண்டிவிட்டுச் சுவர், தூண் எல்லாம் சிமென்ட் பூசினாள். அந்த மே மாதம் வீடு மணப்பெண் போல நின்றது.

சாவந்த் திருப்புளியைத் தூணில் வைத்து அழுத்தினான். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது முனையில் கறுப்பாய் ஈரமண் போல ஒன்று ஒட்டியிருந்தது; ஒரு காலத்தில் அது தேக்கு.

“இந்தப் பூச்சு யார் போட்டது ஆன்ட்டி?”

“நான்தான். பன்னிரண்டு வருஷமா ஒரு பொட்டு உதிரல, பாரு.”

“சுண்ணாம்பா இருந்து உதிர்ந்திருந்தா ஈரம் வெளிய போயிருக்கும். நீங்க சிமென்ட் பூசி உள்ளேயே வச்சுப் பூட்டிட்டீங்க.”

மாடி இன்னும் ஒரு மழை தாங்காதா என்று கெஞ்சினாள். கீழே வாசலில் ஜனங்கள் முட்டி போட்டிருக்கும்போது விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று அவன் கேட்டான்.

“வீட்டுக்கு வயசாயிடுச்சு, இடிக்கணும்னு எழுதிடறேன் ஆன்ட்டி. உங்க பேர் வேண்டாம்.”

“வீட்டு மேல பழி போடாதப்பா. அது இன்னும் நூறு வருஷம் நின்னிருக்கும். சிமென்ட்னு எழுது. போட்டது அர்சுலான்னு எழுது.”

அவன் எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள். தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தலை நிமிராமல் வாசல் மரப்படிகளில் இறங்கிப் போனான். அர்சுலா கதவைச் சாத்தினாள்.