நான் நிமிர்த்திய கோடு

கிரேக்கக் கோயில் ஒன்றை அளக்க எங்கள் துறையிலிருந்து கோடையில் ஒரு குழு போகிறது, அதில் ஓர் இடம் காலி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எழுபதுகளின் நடுவில் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். கிரேக்கர்களின் வடிவகணிதம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முந்தைய குழு எடுத்து வந்த அளவுகளை வைத்து யார் நன்றாக வரைகிறாரோ அவருக்கு அந்த இடம்.

அளவுகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கோயில் தளம் ஓரங்களைவிட நடுவில் நான்கு விரல் உயரம். ஒழுங்காக லெவல் எடுக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்தேன். சென்னையில் சிவில் படித்தபோது ஊறிய பழக்கம்: கணக்கு இடித்தால், பிழையை எல்லாப் புள்ளிகளுக்கும் பகிர்ந்து சமன் செய்துவிடு. செய்தேன். உள்நோக்கிச் சாய்ந்திருந்த தூண்களை நிமிர்த்தினேன். அவற்றின் இடுப்பில் இருந்த லேசான வீக்கத்தையும் ஸ்கேல் வைத்துச் சீவினேன். டிரேசிங் தாளில், மையில், மயிரிழை பிசகாத கோடுகள்.

பார்த்த உதவியாசிரியர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. நீண்ட நேர்கோடு கண்ணுக்கு நடுவில் தொய்ந்து தெரியும், அதனால்தான் தளத்தையே மெல்ல மேல்நோக்கி வளைத்தார்கள், அதற்காக ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் செதுக்கினார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். வேறொருவரைத் தேர்ந்துவிட்டதையும் அதே குரலில் சொன்னார்.

வளைவைத் திருத்தி வரைந்து மறுபடி காட்டிக் கெஞ்சலாம் என்று, விடுதிக்கு வந்து பிளேடால் மையைச் சுரண்டினேன். தாள் கிழிந்தது. என் அறையில் இருந்த மதுரைக்காரன், கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி மாணவன், வெங்காயம் நறுக்கியபடி பார்த்தான்.

“ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் கஷ்டப்பட்டு வளைச்சு வச்சிருக்கான். நீ ஒரே வாரத்துல ஸ்ட்ரெய்ட் பண்ணிட்டியேடா.”

“எர்ரர்னு நெனச்சேன்டா.”

“சரி விடு. அடுத்த வருஷம் போ.”

இதுதான் கடைசிக் குழு என்பது அவனுக்குத் தெரியாது.

வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். என் இடத்தில் போகிறவன் ஜன்னலிலிருந்து கையாட்டினான். ரயில் போனதும் பிளாட்பாரம் வெறிச்சோடியது. அதன் நீண்ட விளிம்பைக் குனிந்து பார்த்தேன். நேராகக் கட்டியதுதான். நடுவில் தொய்ந்து தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தேன், அப்படியேதான் இருந்தது. இத்தனை நாள் இதன்மேல் நின்றுதானே ரயில் ஏறினேன். ஒரு நாளாவது குனிந்து பார்த்திருக்கலாம்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அறைக்குத் திரும்ப ஒரு காரணமும் தோன்றவில்லை.